காதுக்குள்ள நிற்காத சத்தம்: வன்னியின் காதிரைச்சலுக்கு ஒரு வரலாறு

போர்க்காயம் என்று சொன்னால் எங்களுக்கு உடனே நினைவுக்கு வருவது கால் இல்லாத ஒருவர், கை இல்லாத ஒருவர், உடம்புக்குள் ஷெல் துண்டோடு திரிகிற ஒருவர். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியிற காயங்கள். எக்ஸ்ரே எடுத்துக் காட்டலாம், படிவத்தில் எழுதலாம், எத்தனை பேர் என்று எண்ணலாம். ஆனால் வன்னியில் கனபேர் யாருக்கும் காட்ட முடியாத ஒரு காயத்தோடயும் இருக்கினம். "காது இரையுது" என்பார்கள். சிலர் "காது கூவுது" என்பார்கள். "இரவில படுத்தா காதுக்குள்ள ங்ங் எண்டு நிக்குது" என்று சொல்லுகிற ஆக்களும் உண்டு. கேட்கிறவர் "ம்" என்பார், பிறகு கதை வேறு பக்கம் போய்விடும்.

மருத்துவத்தில் இதற்கு ரினிற்றஸ் என்று பெயர். மணி ஒலிப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. தமிழில் காதிரைச்சல் என்பதே போதும். வெளியில் எந்தச் சத்தமும் இல்லாதபோதும் காதுக்குள்ளோ தலைக்குள்ளோ சத்தம் கேட்டுக்கொண்டிருப்பதுதான் அது.

நான் கலைப்பீடத்தில் படிக்கிற ஆள், மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு ஊரின் வரலாற்றை அந்த ஊர்ச் சனத்தின் காதில் இருந்தும் எழுதலாம் என்று நினைக்கிறன். வன்னியின் காதிரைச்சலை எல்லோரும் ஷெல்லோடு மட்டும்தான் சேர்த்துப் பார்க்கினம். ஷெல்லுக்கு முதலே காய்ச்சல் மருந்து இருந்தது, மெசின் இருந்தது. போர் முடிந்த பிறகு ஒலிபெருக்கியும் இயர்போனும் வந்தன. இவற்றை ஒழுங்காகப் பார்த்தால், சனம் இதற்குச் செய்துவருகிற கைவைத்தியங்களில் எது உதவும், எது கெடுக்கும் என்பதும் கொஞ்சம் தெளியும்.

இல்லாத சத்தம் எப்படிக் கேட்குது?

உள்காதில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட ஒரு சின்ன உறுப்பு இருக்கு. அதற்குள் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள். வெளியில் இருந்து வரும் அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுவது இவைதான். பெருஞ்சத்தம், சில மருந்துகள், வயது ஆகியவை இந்தக் கலங்களைச் சாகடிக்கும். பறவைக்கும் மீனுக்கும் இவை திரும்ப முளைக்கும். மனுசருக்கு முளைக்காது. ஒருக்காப் போனால் போனதுதான்.

கலங்கள் செத்த இடத்தில் இருந்து மூளைக்குச் செய்தி வராது. ஆனால் மூளை சும்மா இருக்காது. சிக்னல் குறைந்த ரேடியோவை நாங்கள் கூட்டி வைக்கிற மாதிரி அது தன் பக்கத்தில் சத்தத்தைக் கூட்டும். ரேடியோவைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடும்தானே? காதிரைச்சலும் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது என்பது இன்று பலர் ஏற்றுக்கொள்ளும் விளக்கம். காலை இழந்தவருக்கு இல்லாத பாதத்தில் கடியும் நோவும் வருவது வன்னியில் தெரியாத விசயம் இல்லை. காதிரைச்சலும் அந்த வகைதான். இல்லாத பாதம் நோகிறது மாதிரி, இல்லாத சத்தம் கேட்கிறது.

இதில் அமைதிக்கும் ஒரு பங்கு இருக்கு. 1953 இல் ஹெல்லர், பேர்க்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் காதில் எந்தக் குறையும் சொல்லாத 80 பேரைச் சத்தம் புகாத அறையில் இருத்தி, என்ன கேட்குது என்று கேட்டார்கள். 94 சதவீதமானோர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். முழு அமைதியில் எங்கள் எல்லோருடைய காதும் கொஞ்சம் இரையும். காதிரைச்சல் உள்ளவர்கள் "பகல்ல பரவாயில்லை, இரவிலதான் ஏலாது" என்று சொல்வதன் காரணமும் இதுதான். பகலில் காகம், மோட்டார் சைக்கிள், பள்ளிக்கூட மணி எல்லாம் சேர்ந்து அதை மூடிவிடும். இரவில் மூட ஒன்றும் இல்லை.

காய்ச்சலும் குயினைனும்

வன்னியை எழுதிய பழைய ஆக்கள் காட்டையும் குளத்தையும் எழுதின அளவுக்குக் காய்ச்சலையும் எழுதியிருக்கினம். யாழ்ப்பாணத்தில் காணி இல்லாமல், வேலை இல்லாமல் இருந்த குடும்பங்களை 1936 இல் கிளிநொச்சிக் குடியேற்றத்துக்குக் கொண்டுவந்தபோது அவர்களுக்கு முன்னால் நின்ற பெரிய பயம் யானை இல்லை, மலேரியா. 1902 இல் வேலை தொடங்கி 1920 இல் முடிந்த இரணைமடுக் குளம் தண்ணீர் கொடுத்தது. நுளம்பை அந்தத் தண்ணீரால் தடுக்க முடியவில்லை.

மலேரியாவுக்கு அந்தக் காலத்தில் இருந்த மருந்து குயினைன். சிங்கோனா மரப்பட்டையில் இருந்து 1820 இல் பிரான்சில் பிரித்தெடுக்கப்பட்டது. இலங்கையில் 1861 இல் ஹக்கலவில் சிங்கோனா நட்டார்கள். கோப்பிக்கு நோய் வந்து தோட்டங்கள் அழிந்த காலத்தில் கனபேர் சிங்கோனாவுக்கு மாறினார்கள். ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோன 1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் நாடு முழுக்கக் கேட்ட பெயர் குயினைன். சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் ஊர் ஊராக நிவாரணம் கொண்டு போனதும் அந்தக் காலத்தில்தான்.

குயினைனுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. அளவு கூடினால் காது இரையும், கேட்பது மந்தமாகும், தலை சுற்றும், சத்தி வரும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் வருசத்துக்கு இரண்டு மூன்று தரம் காய்ச்சல் வருகிற ஊரில், ஒரு காய்ச்சலில் வந்த இரைச்சல் போய் அடுத்த காய்ச்சல் வரும்போது திரும்பவும் வரும். காய்ச்சலால் வந்த நடுக்கம் எது, மருந்தால் வந்த இரைச்சல் எது என்று பிரிக்க அந்தச் சனத்துக்கு வழி இருந்திருக்காது.

1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளிப்பு வந்தது. 1963 இல் முழு இலங்கையிலும் 17 பேருக்குத்தான் மலேரியா பதிவானது. பிறகு அது திரும்பி வந்தது. போர்க்காலத்தில் வடக்கில் மலேரியா மாத்திரை விழுங்காத வீடு குறைவு. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 இல் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எங்கட ஊர்க் காதுகளைத் தொட்ட ஒரு காரணம் அதோட போயிட்டுது.

மருந்து என்று பார்த்தால் குயினைன் மட்டும் இல்லை. கசரோகத்துக்குப் போட்ட ஸ்ரெப்ரோமைசின் ஊசியும், ஜென்ராமைசின் மாதிரியான சில அன்ரிபயோற்றிக் ஊசிகளும் உள்காதைத் தாக்கக்கூடியவை. அஸ்பிரின் அளவு மிஞ்சினாலும் காது இரையும். இவை உயிரைக் காப்பாற்றின மருந்துகள். அதற்காகக் காதின் பக்கத்துக் கணக்கை எழுதாமல் விட ஏலாது.

மெசின் வந்த பிறகு

வேலையால் காது கெடும் என்பது புதுச் செய்தி இல்லை. இத்தாலிய மருத்துவர் ரமசினி தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700 இல் வெளியிட்டு 1713 இல் விரித்த நூலில், நாள் முழுக்கச் செம்பு அடிக்கிற கன்னார் செவிடாவதை எழுதியிருக்கிறார். 1886 இல் கிளாஸ்கோவில் தோமஸ் பார் என்ற காது மருத்துவர், கொதிகலன் செய்யும் 100 தொழிலாளரைச் சோதித்தார். ஒருவருக்குக்கூடக் காது சரியாக இருக்கவில்லை.

வன்னியில் கப்பல் கட்டும் பட்டறை இல்லை. ஆனால் உழவு மெசின் இருக்கு, லான்ட்மாஸ்ரர் இருக்கு, தண்ணி இறைக்கிற மெசின் இருக்கு, சூடடிக்கிற மெசின் இருக்கு, நெல்லுக் குத்துகிற மில் இருக்கு. பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 8 மணித்தியாலத்துக்கு 85 டெசிபெல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணித்தியாலம், 91 என்றால் 2. மில்லுக்குள் நிற்பவர் பக்கத்தில் நிற்பவரோடு கதைக்கக் கத்த வேண்டியிருந்தால், அந்த இடம் பெரும்பாலும் எல்லையைத் தாண்டியிருக்கும். இதுக்கு மீற்றர் தேவையில்லை, தொண்டையே காணும்.

உழவுக்காலத்தில் ஒரு றைவர் விடிய ஏறி இருட்டினால் இறங்குவார். காதுக்கு ஒன்றும் போடமாட்டார். "பழகிட்டுது" என்பார். பழகுவது பலநேரம் காதின் கேட்கும் சக்தி குறைவதுதான்.

சத்தத்துக்குள் வாழ்ந்த வருசங்கள்

இனி எல்லோருக்கும் தெரிந்த பகுதிக்கு வருவம். தெரிந்ததென்றாலும் காதின் பக்கத்தில் இருந்து அதை யாரும் அதிகம் எழுதவில்லை.

1996 இல் இலங்கை விமானப்படைக்கு இஸ்ரேலிய கிபிர் விமானங்கள் வந்தன. எபிரேய மொழியில் அந்தச் சொல்லுக்குச் சிங்கக்குட்டி என்று பொருள். வன்னியில் அது ஒரு சத்தத்தின் பெயர். அதே வருசம் யூலையில் முல்லைத்தீவுச் சண்டை, செப்டெம்பரில் கிளிநொச்சி இராணுவத்திடம் போனது. 1997 மே 13 இல் ஜெயசிக்குறு தொடங்கியது. 1998 செப்டெம்பரில் கிளிநொச்சி திரும்பவும் கைமாறியது. 2006 ஓகஸ்ட் 14 இல் வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மீது குண்டு விழுந்தது. 2009 ஜனவரி 2 இல் கிளிநொச்சி விழுந்தது. அதற்குப் பிறகு நாலரை மாதம், ஏறத்தாழ 3 இலட்சம் சனம் சுருங்கிக்கொண்டே போன ஒரு நிலத்துக்குள் நின்றது. 2009 பெப்ரவரி 12 இல் அறிவிக்கப்பட்ட இரண்டாவது பாதுகாப்பு வலயம் சுமார் 14 சதுர கிலோமீற்றர்தான்.

வெடிப்பு காதுக்கு என்ன செய்யும்? முதலில் காற்றழுத்தம் சுவர் மாதிரி வந்து அடிக்கும், அடுத்த கணம் உறிஞ்சும். அழுத்தம் கூடினால் செவிப்பறை கிழியும். கிழியாவிட்டாலும் உள்ளே மயிர்க்கலங்கள் பிய்ந்துபோகும். திடீர்ச் சத்தத்துக்குச் சொல்லப்படும் உச்ச எல்லை 140 டெசிபெல். பெரிய வெடிப்புக்குக் கிட்ட 160 ஐயும் தாண்டும். 20 டெசிபெல் கூடுவது என்றால் அழுத்தம் 10 மடங்கு. "குப்புறப் படு, காதைப் பொத்து" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது நல்ல அறிவுரைதான். ஆனால் ஒரு தாய்க்கு இருப்பது இரண்டு கை. பிள்ளையின் காதைப் பொத்தினால் தன்ர காதைப் பொத்த முடியாது. பதுங்குகுழி சிதறல் துண்டில் இருந்து காப்பாற்றியது, சத்தத்தை முழுக்க மறிக்கவில்லை.

ஒரு வெடியோடு முடிந்த கதையும் இல்லை இது. ஆட்லறி, மல்ரிபரல், கிபிர். இவை இல்லாத நேரத்தில் மேலே வேவு விமானம். ஆள் இல்லாமல் சுற்றுகிற அதைச் சனம் "வண்டு" என்று சொல்லும். வண்டின் சத்தம் காதைக் கெடுக்கிற அளவு பெரிதில்லை. ஆனால் அது நின்றால் அடுத்தது என்ன என்ற பயம் உடம்பில் ஏறிவிடும். காதிரைச்சலும் பயமும் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பவை. மூளை எந்தச் சத்தத்தை ஆபத்து என்று எடுக்கிறதோ அதை வடிகட்டி விடாது, திரும்பத் திரும்பக் கவனிக்கும். வண்டைக் கவனிக்கப் பழகின ஒரு ஆளின் காதுக்குள் அதே மாதிரி ஒரு "ங்ங்" நின்றால் அவர் அதை எப்படிக் கவனிக்காமல் படுப்பார்?

கம்போடிய அகதிகளைப் பற்றி டெவோன் ஹின்ரன் என்ற மருத்துவரும் மற்றவர்களும் 2006 இல் எழுதிய ஆய்வு ஒன்று இருக்கு. போல் பொட் காலத்தைக் கடந்து வந்த அந்த மக்களில், மனவடு கூடியவர்களுக்குக் காதிரைச்சலும் கூட இருந்ததை அது சொல்கிறது. அவர்கள் அதை உடம்புக்குள் இருக்கும் காற்று மேலேறிக் காதால் வெளியேறுவதாகப் புரிந்துகொள்கிறார்கள். இதை வாசித்தபோது எனக்கு எங்கட "வாய்வு மேல ஏறிட்டுது" தான் ஞாபகம் வந்தது. வன்னிச் சனத்தின் கூட்டு மனவடுவைப் பற்றி எழுதிய பேராசிரியர் தயா சோமசுந்தரமும், மனத்தின் வலி எங்கட ஆக்களிடம் உடம்பு வலியாகப் பேசும் என்பதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். காதிரைச்சல் காதின் நோயா, மனத்தின் நோயா என்று கேட்டால், அந்தக் கேள்வியே பிழை. இரண்டும் ஒரே ஆளுக்குள்தான் இருக்கு.

2013 ஏப்ரல் 15 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் மரதன் ஓட்டத்தில் இரண்டு குண்டுகள் வெடித்தன. அதில் பாதிக்கப்பட்டவர்களின் காதுகளைச் சோதித்து, தொடர்ந்து பார்த்து, மருத்துவர்கள் கட்டுரை எழுதினார்கள். அமெரிக்காவில் முன்னாள் படையினர் வாங்கும் ஊனக் கொடுப்பனவுகளில் முதலிடத்தில் இருப்பதே காதிரைச்சல். 20 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதற்காகப் பணம் பெறுகிறார்கள். அங்கே அதற்கென்று ஒரு வரி படிவத்தில் இருக்கு. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் வந்த சனத்திடம் முதலில் கேட்கப்பட்ட கேள்விகள் வேறு. உயிரோடு இருக்கிறியா, காயம் எங்க, உன்ர ஆக்கள் எங்க. அந்த நேரத்தில் காதைப் பற்றிக் கதைக்க யாருக்கும் மனம் வந்திருக்காது. பிறகு கதைக்கிற காலம் வந்தபோது அது பழைய கதையாகிவிட்டது.

எண்ணெய், புகை, மந்திரம்

காதிரைச்சலுக்கு மருந்து தேடின வரலாறு மிகப் பழையது. கி.மு. 7 ஆம் நூற்றாண்டில் அசீரிய அரசன் அசூர்பனிபால் நினிவேயில் சேர்த்து வைத்த களிமண் பலகைகளில், காது "பாடும்" நோய்க்கு வைத்தியம் எழுதியிருக்கு. காரணம் பேயின் கை. வைத்தியம் மந்திரம், புகை பிடித்தல், மருந்தில் தோய்த்த கம்பளியைக் காதில் வைத்தல். எங்கட பக்கத்திலும் "செத்துப்போனவை கூப்பிடினம்" என்று சொல்லி, நூல் கட்டித் திருநீறு போடுகிற ஆக்கள் இருக்கினம். அந்த விளக்கத்தில் விஞ்ஞானம் இல்லை. ஆனால் ஆரைச் சனம் நினைச்சுக்கொண்டிருக்குது என்பதை அது சொல்லுது.

சுஸ்ருத சங்கிதை 28 காது நோய்களை வரிசைப்படுத்துகிறது. பேரிகை, மிருதங்கம், சங்கு மாதிரிச் சத்தம் கேட்பது கர்ணநாதம், குழல் மாதிரிக் கேட்பது வேறொரு நோய். காரணம் வாதம். சிகிச்சைகளில் ஒன்று, காதை இளஞ்சூட்டு எண்ணெயால் நிரப்புவது. இன்னொரு பக்கம் திருமூலரின் திருமந்திரம், யோகத்தில் உள்ளே கேட்கும் ஒலிகள் என்று மணி, கடல், குழல், வண்டு முதலியவற்றை எண்ணுகிறது. ஒரு மரபில் நோயாக எழுதப்பட்டது இன்னொரு மரபில் பேறாக எழுதப்பட்டிருக்கு. உள்ளே கேட்கும் சத்தத்துக்கு நாங்கள் என்ன பொருள் கொடுக்கிறோம் என்பது, அது எங்களை எவ்வளவு வருத்தும் என்பதைத் தீர்மானிக்கிறது. இதைப் பிறகும் பார்ப்பம்.

ஐரோப்பாவிலும் எண்ணெய்தான். 1801 இல் பேத்தோவன் தன் நண்பர் வெகெலருக்கு எழுதிய கடிதத்தில், காது இரவு பகலாக இரைவதையும், மருத்துவர் பாதாம் எண்ணெய் தந்து பார்த்ததையும், பலன் இல்லாததையும் சொல்கிறார். 1809 மே மாதம் நெப்போலியனின் படை வியன்னாவுக்கு ஷெல் அடித்தபோது அவர் தம்பியின் நிலவறைக்குள் போய், மிச்சம் இருந்த காதையாவது காப்பாற்றத் தலையணையால் மூடிக்கொண்டு இருந்தார். பங்கருக்குள் இருந்த சனத்துக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

வன்னி வீடுகளில் செய்வது எல்லோருக்கும் தெரியும். நல்லெண்ணெயில் உள்ளியைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, ஆறவிட்டு இரண்டு துளி. வேப்பெண்ணெய். நொச்சி இலை அவித்து ஆவி பிடித்தல், நொச்சி இலைத் தலையணை. சுக்குத் தைலம் வைத்து முழுக்கு. இவற்றை நக்கல் அடிக்க நான் வரவில்லை. ஆஸ்பத்திரி மூடிக் கிடந்த காலத்தில், மருந்து லொறி ஓமந்தையைத் தாண்டாத காலத்தில், சனத்தைப் பார்த்தது இந்தக் கைவைத்தியமும் ஊர்ப் பரியாரிமாரும்தான். செகராசசேகரம், பரராசசேகரம் என்று யாழ்ப்பாண அரசர் காலத்துப் பெயர் தாங்கிய மருத்துவ நூல்கள் எங்களுக்கு இருக்கு. 1984 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கப்படுகிறது. இது கேலிக்குரிய மரபு இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். செவிப்பறை கிழிந்த காதுக்குள் எந்த எண்ணெயும் விடக்கூடாது. கிழிந்த இடத்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் போகும், கிருமியும் சேர்ந்து போகும், சீழ் பிடிக்கும். இருக்கிற கேள்வியும் போகலாம். வெடியில் கிழிந்த செவிப்பறை பலருக்குத் தானாக மாறும், சிலருக்கு ஓட்டை அப்படியே நிற்கும். வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. வெடிச்சத்தத்துக்குள் வாழ்ந்த ஊரில் உள்ளி எண்ணெய் மற்ற ஊர்களை விட ஆபத்தானதாவது இதனால்தான். மரபு பிழை என்பதில்லை. அந்த மரபு உருவான காலத்தில் ஆட்லறி இல்லை. ஒரு டோர்ச் போட்டுக் காதைப் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் முதலில் காட்டிவிட்டுப் பிறகு எது வேணுமானாலும் செய்யலாம். ஊத்தை அடைத்தே காது இரைகிற ஆக்களும் கனபேர். அதை எடுத்துவிட்டாலே பலருக்கு நிற்கும்.

இன்ரர்நெற்றில் விற்கிறவை வேறு வகை. ஜிங்கோ மாத்திரைக்கு நல்ல பெயர். பிரிட்டனில் 1,121 பேரை வைத்துச் செய்து 2001 இல் வெளியான பரிசோதனையில் அது வெறும் மாத்திரையை விடக் கூடுதலாக ஒன்றும் செய்யவில்லை. ஜிங்கோ, சிங்க், மெலரோனின் மூன்றையும் பரிந்துரைக்கவேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர்களின் 2014 வழிகாட்டி சொல்கிறது. குத்தூசி மருத்துவம் பற்றி ஆம் என்றோ இல்லை என்றோ அது சொல்லவில்லை. காதுக்குள் மெழுகுதிரி ஏற்றுவது சூட்டுக்காயமும் செவிப்பறைக் கிழிவும் தரும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகமே எச்சரித்திருக்கு. வெளிநாட்டில் இருந்து மாமாவோ சித்தியோ பாசத்தில் அனுப்பும் மாத்திரைப் போத்தல்களில் இப்படி எத்தனை இருக்கு என்று ஒருக்காப் பாருங்கோ.

தண்ணீர் மில்லுக்குப் பக்கத்தில் படுக்கச் சொன்ன மருத்துவர்

பிரெஞ்சு மருத்துவர் இற்றார் 1821 இல் காது நோய்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். காதிரைச்சலைப் பல நேரம் மாற்ற முடியாது, மூடலாம் என்பது அவருடைய எண்ணம். ஈர விறகை எரித்து அதன் சத்தத்தோடு படுக்கச் சொன்னார். ஒரு நோயாளியைத் தண்ணீர் மில் ஓடும் இடத்தில் போய் இருக்கச் சொன்னார். இருநூறு வருசத்துக்குப் பிறகு, போனில் மழைச் சத்தம் போட்டுவிட்டுப் படுங்கள் என்று சொல்கிற அப் எல்லாம் இதே யோசனைதான்.

என்ர அம்மம்மா இற்றாரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டா. ஆனால் பல வருசமாக ரேடியோவை ஸ்ரேசனுக்குக் கொஞ்சம் தள்ளி, இரைச்சலோட மெல்லிசாக வைத்துவிட்டுத்தான் படுப்பா. பற்றரிக் காசு வீண் என்று வீட்டில் எல்லோரும் ஏசுவினம். "அது கத்தினாத்தான் இது அடங்கும்" என்பா. காற்றாடியை மழைக்காலத்திலும் போட்டுவிட்டுப் படுக்கிற ஆக்களும் இதையேதான் செய்கினம். காசு இல்லாத, கெடுதல் இல்லாத வைத்தியம் இது.

அடுத்தது காது மெசின். கேட்கும் சக்தி குறைந்தவருக்கு மெசின் போட்டால் வெளிச் சத்தம் திரும்ப உள்ளே வரும், மூளை தன் சத்தத்தைக் கூட்டவேண்டிய தேவை குறையும். பலருக்கு இரைச்சலும் அடங்கும். மூன்றாவது மனப்பயிற்சி. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பற்றிய 28 ஆய்வுகளைச் சேர்த்து 2020 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, அது காதிரைச்சல் வாழ்க்கையைக் குழப்புகிற அளவைக் குறைக்கக்கூடும் என்கிறது. சத்தத்தின் அளவு குறையாது. அதன் மேல் இருக்கிற பயம் குறையும். திருமூலர் விசயத்தில் சொன்ன பொருள் கொடுக்கிற கதை இங்கேதான் வருகிறது. அதே சத்தத்தை மூளை ஆபத்து என்று எடுக்காமல், கூரையில் விழும் மழை மாதிரி எடுக்கப் பழகவேண்டும். "ஒண்டும் செய்யேலாது, போங்கோ" என்று சொல்வது இதுக்கு நேர் எதிர். அது பயத்தைக் கூட்டும்.

சில அறிகுறிகளுக்குக் கைவைத்தியமும் வேண்டாம், பொறுமையும் வேண்டாம். ஒரு காதில் மட்டும் இரைச்சல், இதயத் துடிப்போடு சேர்ந்து அடிக்கிற இரைச்சல், கடும் தலைச்சுற்று, திடீரென்று ஒரு காது கேட்காமல் போவது. கடைசியாகச் சொன்னதுக்குச் சில நாளுக்குள் மருந்து தொடங்கினால்தான் பலன். இவை வந்தால் உடனே ஈ.என்.ரி. டொக்டரிடம் போகவேண்டும்.

எங்கட தலைமுறையின் காது

நாங்கள் ஷெல் சத்தத்தைப் பெரும்பாலும் கதையாகக் கேட்டவர்கள், அல்லது சின்ன வயதில் கேட்டவர்கள். எங்கட காதைக் கெடுக்கப்போவது வேறு. 12 முதல் 35 வயதுக்குள் 100 கோடிக்கு மேற்பட்டவர்கள் பாதுகாப்பில்லாமல் பாட்டுக் கேட்பதால் ஆபத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வாரத்துக்கு 40 மணித்தியாலம் 80 டெசிபெல் என்பது அவர்கள் சொல்லும் எல்லை. பிறைவேற் பஸ்ஸில் ஸ்பீக்கருக்குக் கீழே இருந்து, அந்தச் சத்தத்தை வெல்ல இயர்போனையும் கூட்டி வைக்கிற எங்களுக்கு அந்தக் கணக்கு எப்போதோ முடிந்திருக்கும்.

கோயில் திருவிழா, தேவாலயப் பெருநாள், கலியாணவீடு, விளையாட்டுப்போட்டி எல்லாவற்றிலும் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர். இலங்கையில் 1996 முதல் சத்தக் கட்டுப்பாட்டு விதிகள் இருக்கு. 2007 இல் உச்ச நீதிமன்றம் இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்றது. அந்த வழக்கு ஒரு மதத்துக்கு எதிரானது இல்லை, எல்லோருக்கும் பொதுவானது. இதை எங்கட ஊரில் யாராவது சொன்னால் "சாமிக்கு எதிரா கதைக்கிறான்" என்பார்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்கு நடந்து போகிற சனம் நூற்றாண்டுகளாகப் பறையோடும் உடுக்கோடும் போனது. சாமி கேட்பதற்கு ஆயிரம் வாற்ஸ் தேவைப்படவில்லை. பெரிய சத்தத்துக்குள் இருந்து வந்த ஒரு சமூகம் இன்னொரு பெரிய சத்தத்தை விரும்பித் தெரிவு செய்வது ஏன் என்று நாங்கள் யோசிக்கத்தான் வேண்டும். காது மந்தமானவர்கள் கூடின ஊரில் ஒலிபெருக்கியும் கூடத்தான் வைக்கப்படும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. வாசிக்கிற நீங்கள் வீட்டில் இருக்கிற பெரியாக்களிடம் மூன்று கேள்வி கேளுங்கோ. காது இரையுதா? எப்பயிருந்து? அதுக்கு முதல் என்ன நடந்தது? பதிலை எழுதி வையுங்கோ, வருசத்தையும் இடத்தையும் சேர்த்து. அது மலேரியாக் காய்ச்சலாக இருக்கலாம், மில் வேலையாக இருக்கலாம், மாத்தளனாக இருக்கலாம். பிறகு அந்தப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு ஒருக்கா கிளினிக்குக்குப் போய்க் காதைச் சோதிச்சுப் பாருங்கோ. கால் இழந்தவர்களின் கணக்கு எங்களிடம் ஓரளவாவது இருக்கு. காதின் கணக்கை இன்னும் யாரும் தொடங்கவில்லை. அதைத் தெரிந்த ஆக்கள் இப்ப எழுபதையும் எண்பதையும் தொட்டுக்கொண்டிருக்கினம்.